வடக்கே இருநூறு ஏக்கர்

செம்மறிகள் கம்பிவேலியை முட்டிக்கொண்டு நின்றன.

வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் சோலார் பலகைகள்.

அவள் ஜீப்பின் நிழலில் ஒண்டிக்கொண்டு டேப்லெட்டைப் பார்த்தாள். இன்றைக்கு அவள் நேரில் சரிபார்க்கும் பதினேழாவது இடம் இது. வேலிக்கு வடக்கே இருநூறு ஏக்கர். அடுத்த கட்டப் பலகைகளுக்குக் கேட்டிருக்கிறார்கள்.

திரையில் ஒரே கேள்வி: தரிசா? ஆம். இல்லை.

ஆம் என்று தட்டிவிட்டால் சாப்பிடப் போகலாம். ஐயோ, என்ன வெயில்!

ஆடுகளை ஓட்டி வந்த மாயழகு அவளிடம் வந்தான். முப்பது வயதிருக்கும். மூன்று நாள் நடந்துவந்த எரிச்சல் முகத்தில் அப்படியே இருந்தது.

வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் அவன் மந்தை இப்போது வேலிக்குள் போய்விட்ட இந்தக் கரிசலுக்குத்தான் வரும். பகலில் அறுத்த தாள் மேயும். ராத்திரி வயலிலேயே கிடை போட்டு அடைப்பான். புழுக்கை உரமாகும், வயல்காரர்கள் நெல் கொடுப்பார்கள். போகும்போது 'வர்றேன்' என்பான். அவ்வளவுதான் பேச்சு.

"இது என்ன வேலின்னு ஊருக்குள்ள கேட்டேன்க்கா. கம்ப்யூட்டர்ல தரிசுன்னு வந்துச்சாம். எந்தக் கூமுட்டை அப்படி எழுதுனது? சித்திரையில பாத்தா மொட்டையாத்தான கெடக்கும்? ஐப்பசியில வந்து பாக்கச் சொல்லுங்க. கால் வைக்க எடமிருக்காது."

அவளுக்குச் சுருக்கென்றது.

அந்தக் கூமுட்டை அவள்தான்.

வேலி வருவதற்கு முன், சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்துக்கு நிறம் போட்டாள். ஐப்பசிப் படம் முழுக்க மேகம். சித்திரைப் படம்தான் துலக்கமாக இருந்தது. பழுப்பாகத் தெரிந்ததையெல்லாம் தரிசு என்று குறித்தாள். இங்கே பலகை வைத்தால் வருஷத்துக்கு இத்தனை டன் கரியமில வாயு மிச்சம் என்று கணக்கு வந்தது. அன்றைக்குச் சந்தோஷமாகத் தூங்கினாள்.

அந்தக் கணக்கில் பொய்யும் இல்லை. அதுதான் அவளை இன்னும் சோர வைத்தது.

இல்லை என்று தட்டினாள்.

திரை விடவில்லை; இன்னொரு கேள்வி வந்தது. பக்கத்து நிலத்தைத் தரிசு எனப் பதிந்தவர் நீங்கள். மாற்றத்துக்குக் காரணம்?

அடுத்த மாதம் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கிறவர்கள் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

நெற்றி வியர்வை திரையில் சொட்டியது. துடைத்தாள்.

'என் தவறு. அது கோடையில் எடுத்த படம். இரண்டு நிலமுமே விளைநிலம்.'

அனுப்பிவிட்டாள்.

"ஆட்ட வடக்க ஓட்டிக்க தம்பி. அங்க இப்பதைக்கு யாரும் வேலி போட மாட்டாங்க."

மாயழகு அவளை ஏற இறங்கப் பார்த்தான். நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தான். மந்தை மெல்லத் திரும்பியது.

"அடுத்த வருசமும் வரலாமாக்கா?"

அவள் டேப்லெட்டை மூடி ஜீப்புக்குள் வைத்தாள்.

"கெளம்புறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்க."

நம்பர் சொன்னாள்.

ஆபீஸ் நம்பர் அல்ல. வீட்டு நம்பர்.