வாசல் காக்கும் சாமுராய்

மண்ணரை என்ற ஊரில் தங்கள் வீட்டில், சசிகுமாரும் அவன் புது மனைவி நித்யஸ்ரீயும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வீடியோ கேமில் முதல் வாசலைக் காக்கும் சாமுராயிடமே அவள் தினமும் தோற்றுக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கும் தோத்தா, இனிமே இதத் தொடவே மாட்டனுங்க.”

“அவசரப்பட்டு வெட்டாத கண்ணு. மொதல்ல அவன் தோளப் பாரு.”

“ஐயோ, கத்திய ஓங்கறானுங்க!”

“பின்னால நகரு. அவன் வீசி முடிக்கட்டும். மூச்சு வாங்கறான் பாரு... இப்ப வெட்டு!”

நித்யஸ்ரீ ஜாய்ஸ்டிக்கை அழுத்தினாள். மூங்கில் காட்டில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. சாமுராய் மெல்லச் சாய்ந்தான்.

“உழுந்துட்டானுங்க!” என்று கணவனைக் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் கரண்ட் வந்தது. மதியத்திலிருந்து இருண்டு கிடந்த டி.வி. விழித்துக்கொண்டது.

“இப்ப நெசமாலுமே ஆடிப் பாக்கறயா கண்ணு?”

அவள் எழுந்து டி.வி.யை அணைத்தாள்.

“வேண்டாமுங்க. செத்தவன எதுக்குங்க எழுப்பறது?”