அழாத ஊர்

"அப்பா ஸ்டோயிக், டீக்கடைக்காரர் எபிகூரியன், பக்கத்து வீட்டம்மா ஐயவாதி. சரி. ஊர் மொத்தத்துக்கும் 'கல் மனங்கள்'னு தலைப்பு போட்டிருக்கியே, அந்த ஊரைப் பாத்திருக்கியாம்மா?"

ஆய்வு நெறியாளர் பெரியநாயகசாமி கேட்டதும் ஆஷ்லின் தன் இயலின் பக்கங்களைப் புரட்டினாள்.

"ஆய்வுக்கு எடுத்த நாவல்ல இருக்கிறதைத்தான் சார் எழுதினேன். ஆத்துல புதுத் தண்ணி வந்த அன்னிக்கு ஒரு ஸ்கூல் பொண்ணை வெள்ளம் இழுத்துட்டுப் போகுது. மறுநாள் ஊர்ல ஒப்பாரி இல்லை, சாவு மேளம் இல்லை. வாசல்ல கோலம் இருக்கு. டீக்கடை திறந்திருக்கு. பெத்த அப்பா டிராக்டரை எடுத்துட்டு உழவுக்குப் போறார். துன்பத்துக்கு அசையாதவன்தானே சார் ஸ்டோயிக்? வலியே வேண்டாம்னு அதைப் பத்திப் பேசாம ஒதுங்கிப்போற டீக்கடைக்காரர் எபிகூரியன். 'செத்தாளா இருக்காளா, யாரு கண்டா'ங்கற பக்கத்து வீட்டம்மா..."

"எல்லாம் சரி. ஆனா அது நடந்த கதை. பொண்ணோட நிஜப் பேரு கலைமகள். ஊர் வெண்ணாத்துக் கரையில இருக்கு. யாருமே அழலைங்கறது மேலதான் உன் இயலே நிக்குது. திங்கட்கிழமை ஆய்வுக் கமிட்டியில யாராவது கிளறினா என்ன பண்ணுவே? போய் விசாரிச்சிட்டு வா."

அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். இந்த இயல் விழுந்தால் எப்படி எழுவது என்று சொல்லித்தர வீட்டில் யாருமில்லை. சனிக்கிழமை காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள்.

இறங்கிய இடத்திலேயே டீக்கடை.

"கலைமகள்னு ஒரு பொண்ணு... அவங்க வீடு எதுங்க?"

கடைக்காரர் துரைக்கண்ணு ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதியில் நின்றது. பெஞ்சில் இருந்தவர்களும் பேச்சை நிறுத்தினார்கள்.

"கலைமகளா? இப்பத்தானே இப்படிப் போனா!" என்றார் சத்தமாக. "நேராப் போங்க. பச்சைக் கேட்டு."

அந்தப் பெண் ஆற்றோடு போய் வருஷங்கள் ஆகிவிட்டன.

பச்சைக் கேட்டுக்கு முந்தின வீட்டில் கமருன்னிஸா மீன் அலசிக்கொண்டிருந்தார்.

"கலையத் தேடியா வந்தீங்க? அதோ ஓடுறா பாருங்க ஸ்பெஷல் கிளாஸுக்கு. கூப்பிடக் கூப்பிடத் திரும்புறாளா, கழுதை!"

ஆஷ்லின் திரும்பிப் பார்த்தாள். தெருவில் வெயிலைத் தவிர யாருமில்லை.

பச்சைக் கேட்டுக்குள் கொடியில் ஒரு பள்ளிச் சீருடை. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"வாம்மா. கலை கூடப் படிக்கிறியா?" வாசலுக்கு வந்த அம்சம் சிரித்தாள்.

"இல்லைங்கம்மா, நான் வந்து..."

"கூடப் படிக்கிற பொண்ணுதான் அம்சம்," என்று உள்ளிருந்து ஓடி வந்தார் அவள் புருஷன் சாரங்கபாணி. அவர் கண்கள் கெஞ்சின.

"அவ சாப்பிடாமயே ஓடிட்டா. போட்ட சோறு அப்படியே இருக்கு. நீயாவது உக்காரு," என்றாள் அம்சம்.

தட்டில் சோறு ஆவி பறந்தது. ஒரு வாய்கூட ஆஷ்லினுக்கு இறங்கவில்லை.

"வயலைப் பாத்துட்டு வரட்டும்," என்று சாரங்கபாணி அவளை வெளியே அழைத்துப்போனார்.

வயலில் கணுக்கால் தண்ணீர் நின்றது. ஆனாலும் பம்ப் செட் ஓடிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு தண்ணி இருக்கும்போது மோட்டார் எதுக்குங்கய்யா?"

அவர் பம்ப் செட் அறையின் கதவைத் தள்ளினார். உள்ளே டீக்கடைத் துரைக்கண்ணு, துண்டை வாயில் அழுத்திக்கொண்டு உடம்பு குலுங்க அழுதுகொண்டிருந்தார்.

"நீங்க அவ பேரைச் சொல்லிட்டீங்கல்ல, அதான்," என்றார் சாரங்கபாணி. "அன்னிக்குப் பொண்ணு பின்னாடியே அம்சமும் ஆத்துல குதிச்சா. இழுத்துப் போட்டோம். கண்ணு முழிச்சதும் 'கலை ஸ்கூல்லேருந்து வந்துட்டாளா'ன்னு கேட்டா. இல்லேன்னு சொன்னதும் திரும்ப ஆத்துக்கே ஓடினா. அப்பதான் ஊரே கூடிப் பேசினோம். யாரும் அழக்கூடாது, மேளம் கூடாது. முத்துப்பேட்டைக்கிட்ட பொணமா கெடைச்சவள அங்கேயே அடக்கம் பண்ணிட்டு, வந்து டிராக்டர் ஓட்டினேன். அந்தத் துணிய தெனம் நான்தான் நனைச்சுப் போடுறேன். அழுகை வந்தா எல்லாரும் இங்க வந்துடுவோம். மோட்டார் ஓடினா வீட்டுக்குக் கேக்காது."

ஆஷ்லின் அந்தக் கதவை மெல்லச் சாத்தினாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பின்னாலேயே அம்சம் வந்தாள், கையில் ஒரு பொட்டலத்தோடு.

"சாப்பிடவே இல்லையே நீ. இந்தா. கலை கூடப் படிக்கிறவ இல்லைல்ல? உன் பையில நோட்டைப் பாத்தேன். படிப்புக்கு எழுத வந்தவதானே?"

பொய் சொல்ல ஆஷ்லினுக்கு வரவில்லை. தலையாட்டினாள்.

"என்ன எழுதியிருக்கே?"

"இந்த ஊர்ல யாருமே அழலைன்னு எழுதிட்டேம்மா. தப்பு. மாத்திடறேன்."

"மாத்தாதே. அப்படியே இருக்கட்டும்." அம்சம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு எல்லாம் ஞாபகம் வந்து ரொம்ப நாளாச்சு. நீ மாத்தி எழுதினா நாலு பேர் வந்து எங்கிட்ட கேப்பாங்க. எனக்கு ஞாபகம் வந்தது அவருக்கும் தெரிஞ்சுபோகும். என்னை ஏமாத்தறதுக்குத்தாம்மா அவரு தெனம் எந்திரிக்கிறாரு. அதையும் பிடுங்கிட்டா, அந்த மனுஷன் எதுக்காக உசுரோட இருப்பாரு?"