கீழே ஒரு பெயர்

அன்று மழை பெய்ததா என்று இப்போது அவனுக்கு நிச்சயமில்லை. ஜெபக்கனியின் மடியில் குடை இருந்தது. அது நினைவிருக்கிறது.

வகுப்புக்கு வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு அவளுடைய செமினார். இரண்டு முறை வராமலே இருந்துவிட்டாள். அன்றும் பேசாவிட்டால் அந்தப் பருவம் போய்விடும்.

ஏன் வரவில்லை என்பது வகுப்புக்கே தெரியும்.

ஐந்து மாதங்களுக்கு முன் வகுப்பில் பேசும்போது ஒரு சொல் அவளுக்குத் திக்கியது. வாய் திறந்தபடி நின்றாள். அதை அவன் படமெடுத்தான். ஸ்டிக்கராக்கிப் பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான்.

குழு சிரித்தது. இரண்டு வருடமாக அவனை யாரென்றே கேட்காத குழு.

மாலைக்குள் அது எல்லோரிடமும் போய்விட்டது. தேர்வு தள்ளிப்போனதா, அவள் முகம். கேன்டீனில் உப்புமாவா, அவள் முகம்.

முந்தின நாள் இரவு அவன் தங்கை, சாப்பிடக் கூப்பிட்டு அதையே அனுப்பினாள். டியூஷன் குழுவில் கிடைத்ததாம்.

“இது யாருன்னு தெரியுமாட்டி?”

“யாருமில்லண்ணே. சும்மா ஒரு மூஞ்சி.”

அவன் தட்டை வைத்துவிட்டு எழுந்தான்.

அவன் வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான்.

“அத நாந்தான் செஞ்சேன்.”

அவள் திரும்பவில்லை.

“மொத நாளே தெரியும். தொட்டா கீழ ஒம் பேரு வருதுல்லா.”

செய்தவர் பெயர் என்று ஸ்டிக்கர் செய்யும் செயலி கேட்டிருந்தது. பெருமையாக அடித்திருந்தான். இனிஷியலோடு.

ஐந்து மாதம். அவன் கேட்டபோதெல்லாம் ரெக்கார்டு நோட்டைக் கொடுத்திருக்கிறாள்.

போனை எடுத்தான். வகுப்புக் குழுவில் எழுதினான்: ‘ஜெபக்கனி ஸ்டிக்கர நாந்தான் செஞ்சேன். தப்பு. அழிச்சிருங்க.’

ஒவ்வொருவராகப் பார்த்தார்கள்.

அவள் எழுந்தாள்.

“முன்னால வந்து உக்காரு. திக்கும்போது சிரிக்காமப் பாக்க ஒரு ஆளு வேணும்.”

உட்கார்ந்தான்.

அவள் பேசத் தொடங்கிய நான்காவது நிமிடம் திக்கியது. அதே மாதிரி வாய் திறந்து நின்றாள். அவன் கண்ணை எடுக்கவில்லை.

சொல் வந்தது.

ஜெபக்கனி இப்போது தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். அவனுக்கு ஓசூரில் வேலை. தங்கை கல்லூரிக்குப் போகிறாள். வகுப்புக் குழுவில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் வருகிறது.

அந்த ஸ்டிக்கர் சில போன்களில் இன்னும் இருக்கிறது. கீழே அவன் பெயரோடு.