குடை எங்கே?

"போன்ல நீ செஞ்சு வெச்சது பொய் சொல்லுமா சாமி? எனக்குத்தான் புத்தி மழுங்கிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே மகளிடம் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள் பொன்னாத்தாள்.

கிருத்திகா சொம்பை வாங்கினாள். குடிக்கத் தோன்றவில்லை. பெங்களூரிலிருந்து பஸ் பிடித்து, நாமக்கல்லில் மாறி, பரமத்தி வேலூரில் இறங்கி அவசரமாக வந்திருந்தாள். கைகால் கழுவிக்கொண்டு பின்பக்கமாகவே உள்ளே நுழைந்தவளுக்கு அம்மாவின் முதல் வார்த்தையே இதுதான்.

பொன்னாத்தாளின் போனில் இருந்த ஞாபகப் பயிற்சி, கிருத்திகாவும் அவள் ஆபீஸ்காரர்களும் சேர்ந்து செய்தது. மூளைக்குத் தினமும் கொஞ்சம் வேலை கொடுப்பது வயதானவர்களுக்கு நல்லது, மறதி நோயைத் தள்ளிப்போட அதுவும் உதவலாம் என்று டாக்டர்களிடம் கேட்டுச் செய்தார்கள். "நடந்தீர்களா? பிரஷர் மாத்திரை போட்டீர்களா?" என்று அது காலையிலேயே விசாரிக்கும். பிறகு ஒரு வீட்டின் படத்தைக் காட்டும். சாமான்களை அங்கங்கே வைத்து, படத்தை மறைத்துவிட்டு, எது எங்கே என்று கேட்கும். வாயால் பதில் சொன்னால் போதும்.

பொன்னாத்தாளுக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அவள் பால் சொசைட்டித் தலைவி. பால் ஊற்ற வருகிறவர்கள் தப்பித்துப் போக முடியாது. "என்ற புள்ள செஞ்சதுங்க!" என்று போனைக் காட்டாமல் ஒருவரையும் அனுப்பியதில்லை.

மார்க்தான் ஏறவில்லை. பத்துக்கு ஆறு, சில நாள் ஐந்து. அது மகளின் போனுக்கும் போய்க்கொண்டிருந்தது. பொன்னாத்தாளின் அக்கா கடைசிக் காலத்தில், பெற்ற மகனையே "நீங்க யாருங்க?" என்று கேட்டவள். அந்தப் பயம் தாய்க்கும் இருந்தது, மகளுக்கும் இருந்தது.

"நாளைக்கு சேலத்துல நரம்பு டாக்டரப் பாக்கறோம்மா."

"பாக்கலாம். திங்கக்கெழம மீட்டிங்ல தலைவி வேலைய உட்டுப்போடறேன்னு செகரட்டரி நாச்சிமுத்துகிட்ட சொல்லிப்போட்டேன். மறதிக்காரி கையில ஊர்ச் சொசைட்டி எதுக்கு?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்த விரல்கள் நிற்கவில்லை. அலையாய் அலைந்து அந்தச் சொசைட்டிக்குப் பால் குளிர வைக்கிற மிஷின் வாங்கி வந்தவள் அவள்தான்.

"உங்கம்மாளுக்கா மறதி?" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார் அப்பா சின்னுசாமி. "கல்யாணத்தன்னிக்கு எங்கக்கா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாளாமா, அத இன்னிக்கும் சொல்லிக் காட்டறாளே!"

"அது வேறைங்க. நீங்க சும்மா இருங்க."

ஒருவேளை போனில்தான் கோளாறோ? கிருத்திகா அதை வாங்கித் தானே பயிற்சியைச் செய்து பார்த்தாள். ஆபீஸில் பேசுகிற தமிழில் மளமளவென்று பதில் சொன்னாள். பத்துக்குப் பத்து. செய்த வேலை சரியாக இருக்கிறதே என்று அவள் வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

"என் முன்னால ஒருக்கா பண்ணுங்கம்மா."

"வேண்டாஞ் சாமி. நான் கதவச் சாத்திக்கிட்டுத்தான் பண்றது. நீ செஞ்சதுல நானே ஃபெயிலாகறத நீ பாக்கோணுமா?"

கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தாள். போனில் வீடு வந்தது. அந்த வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புக் குடை இருந்தது. இருவருமே நன்றாகப் பார்த்தார்கள். படம் மறைந்தது.

"குடை எங்கே?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தது போன்.

பொன்னாத்தாள் வாயைத் திறந்தாள். மகளைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. கிருத்திகா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சின்னுசாமி சத்தம் போட்டார். "அம்மிணி! உன்ற செருப்பக் காணோம். நாய் தூக்கிட்டுப் போயிருச்சாட்டிருக்குது!"

"இல்லீங்கப்பா, பொடக்காலில கெடக்குது!" என்று இங்கிருந்தே கத்தினாள் கிருத்திகா.

"தவறு" என்றது போன்.

இருவரும் போனைப் பார்த்தார்கள்.

"அதையேதான சாமி நானும் தெனமும் சொல்றேன்?" என்றாள் பொன்னாத்தாள் மெதுவாக.

கிருத்திகா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சென்னை, மதுரை, நெல்லை என்று ஊர் ஊராக ஆட்களின் பேச்சைப் பதிவு செய்து, வீட்டின் பின்பக்கத்துக்குக் கொல்லை, புழக்கடை, பின்கட்டு என்று ஒன்று விடாமல் போனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். சொந்த ஊரில் மட்டும் ஒருவரையும் கேட்கவில்லை.

"பரண்மேல சாமான் இருந்தா என்னன்னு சொல்லுவீங்கம்மா?"

"அட்டாலிம்பேன்."

"வீட்டுக்குள்ள இருந்தா?"

"ஊட்டுக்குள்ளம்பேன். வேறென்னன்னு சொல்றது?"

சிரிப்பும் அழுகையுமாக அம்மாவைக் கட்டிக்கொண்டாள் கிருத்திகா. பொன்னாத்தாளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அதே போனில் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு, "திங்கக்கெழம மீட்டிங்குக்குத் தலைவியா நானேதான் வாரேன்" என்று சொல்லி வைத்தாள்.

பிறகு வாசலைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஏனுங்க, பாத்தீங்களா? பெங்களூருக்குப் போயி இத்தன வருசமாகியும் என்ற புள்ள பொடக்காலிய மறக்குல!"