தொண்டையின் முறை

சவரிராயன் ஒரு விஸ்கி கம்பெனியில் ருசி பார்க்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். அவருடைய தொண்டைக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வருஷம் சாதா மரப்பீப்பாயில் கிடந்துவிட்டு, கடைசி ஆறு மாதம் இனிப்பு ஒயின் ஊறிய பீப்பாயில் குடியிருந்த சிங்கிள் மால்ட் விஸ்கி மேசைக்கு வந்திருந்தது.

முதலில் மூக்கு கோப்பைக்குள் குனிந்தது. “அடேயப்பா! உலர்திராட்சை, தேன்... இரு இரு, ஆரஞ்சுத் தோல்கூட இருக்கு!”

“அண்ணே, சீக்கிரம் விடுங்கண்ணே!” என்று துடித்தது தொண்டை.

“பொறுடா. இதெல்லாம் அவசரப்படுற சமாச்சாரமா?”

அடுத்தது நாக்கு. ஒரு வாய் வாங்கி, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டிச் சொக்கிப்போனது. “யம்மாடி! முதல்ல சுள்ளுனு இருந்துச்சு, இப்ப அல்வா மாதிரி வழுக்குது!”

“அக்கா, எனக்கு?”

“இதோ அனுப்புறேன், தயாரா இரு.”

தொண்டை ஒருமுறை செருமி வழியைச் சுத்தம் செய்துகொண்டு, ஆவென்று திறந்து நின்றது.

சவரிராயன் குனிந்து, பக்கத்திலிருந்த பாத்திரத்தில் அவ்வளவையும் துப்பினார். அந்த வேலையில் யாரும் விழுங்குவதில்லை. இன்னும் ஏழு கோப்பைகள் வரிசையில் இருந்தன.

எதிரே மேலாளர் பேனாவைத் திறந்தார். “எப்படி இருக்கு?”

மூக்கும் நாக்கும் தொண்டையைப் பார்த்தன. “குரல் உன்கிட்டதானே இருக்கு, சொல்லுடா!”

தொண்டை எச்சிலை விழுங்கிக்கொண்டு சொன்னது: “பிரமாதம் சார்!”