யோனா மேல போட்டுடு

“யோனா மேல போட்டுடு. அவர் தாங்குவார்.”

சமையலறையில் மனைவி போனில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். கூடத்தில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த மாஸ்டரின் கை அப்படியே நின்றது.

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் பதினாறு வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் மிதிக்கிறவர் அவர். படிக்க வருகிறவர்கள் வைத்த பெயர், பிரேக் மாஸ்டர். வீட்டிலும் அதே உத்தியோகம்தான் என்பாள் மனைவி.

“யாரது யோனா?”

“எங்க லாண்டரியில.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

“ஆம்பளைதான். உங்க வயசு இருக்கும்.”

அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். உதட்டோரம் அந்தச் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது.

அதன் பிறகு அந்தப் பெயர் அடிக்கடி காதில் விழுந்தது. “இன்னிக்கும் யோனாவுக்கு நல்ல திட்டு.” “யோனா மட்டும் இல்லேன்னா என் வேலை எப்பவோ போயிருக்கும்டி.” எல்லாம் கூட வேலை செய்கிறவளிடம் போனில் பேசுவதுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தச் சிரிப்பு.

பள்ளியில் இன்னொரு மாஸ்டரிடம் விசாரித்தார்.

“யோனாவா? எபிரேயப் பேருய்யா. புறான்னு அர்த்தம்.”

“புறாவா?”

“ஆமா. ஏன், யாருக்காவது தூது போகுதா?”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். மாஸ்டருக்கு முள்ளாகத் தைத்தது. அன்று நடுரோட்டில் இரண்டு புறாக்கள் உட்கார்ந்திருந்தன. “சார், பிரேக்! பிரேக்!” என்று கற்றுக்கொள்ள வந்த பெண்தான் கத்த வேண்டியிருந்தது.

வழக்கமாகவே பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் மனைவிக்குப் போன் செய்வார். எடுக்கும்வரை விடமாட்டார்.

“யாரு கூட இருக்கே? அந்தப் புறா பக்கத்துல இருக்கானா?”

“எந்தப் புறா? கையில வேலை இருக்குங்க. வெச்சுடட்டுமா?”

“அதென்ன, நான் பேசினா மட்டும் அவசரம்?”

வியாழக்கிழமை அவருக்குத் தாங்கவில்லை. மத்தியானம் ஒரு பழைய சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு லாண்டரிக்கே கிளம்பிவிட்டார். அந்த ஆளை ஒரு தடவை நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு. லாண்டரி முதலாளியம்மாவுக்கு இவர் முகம் தெரியாது, அது வசதியாயிற்று.

கவுன்ட்டரில் ஒரு பெரியவர் வெள்ளைச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். முதுகில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பழுப்பாகப் பதிந்திருந்தது.

“யாரும்மா இதைக் கருக்கினது?”

“யோனாதான் சார். இன்னியோட வேலையை விட்டு நிறுத்திடறேன்.”

பெரியவர் சட்டென்று இறங்கி வந்தார். “நிறுத்தல்லாம் வேணாம்மா. புள்ளகுட்டிக்காரனா இருப்பான். பார்த்துச் செய்யச் சொல்லுங்க.”

அவர் போனதும் மாஸ்டர் முன்னால் வந்தார்.

“அவர் சொன்னார்னு விட்டுடறதா? அந்த ஆளை முதல்ல துரத்துங்க. ஒருத்தன் பண்ற தப்புக்கு ஊரெல்லாம் திட்டு வாங்கணுமா? கூப்பிடுங்க அவனை, நானே நாலு வார்த்தை கேட்கறேன்.”

முதலாளியம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வெளிய சொல்லிடாதீங்க சார். யோனான்னு இங்க யாருமே கிடையாது.”

“கிடையாதா?”

“பைபிள்ல வர்ற யோனா கதை தெரியுமில்லே? கடல் கொந்தளிச்சப்போ கப்பல்ல இருந்தவங்க யோனாவைத் தூக்கித் தண்ணியில போட்டாங்க. கடல் அடங்கிடுச்சு. இந்தக் கவுன்ட்டர்லயும் அப்படித்தான். யார் கொந்தளிச்சாலும் யோனாவைத் தூக்கிப் போடுவோம். இப்ப பார்த்தீங்களே, அடங்கிட்டார்.”

மாஸ்டருக்கு மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த பாறை நழுவியது. சிரிப்புகூட வந்தது.

“அப்ப, சட்டையைக் கருக்கினது?”

“உள்ள இஸ்திரி போடற அம்மாதான். தங்கமான கை சார். ஒரு மடிப்பு கோணாது. ஆனா பதினோரு மணிக்கும் மூணு மணிக்கும் வீட்டுக்காரர் போன் பண்ணுவார், ‘யாரு கூட இருக்கே’ன்னு. எடுக்கலேன்னா சாயங்காலம் வீட்டுல ரகளை. எடுத்தா பெட்டி துணி மேலேயே நின்னுடுது.”

மாஸ்டரின் சிரிப்பு பாதியில் நின்றது.

“‘என் புருஷனாலதான்னு சொல்லி அவரை நாலு பேர் முன்னால ஏன் கேவலப்படுத்தணும்? வேற பேர் சொல்லுவோம்’னாங்க. யோனாங்கற பேரைப் பிடிச்சதே அவங்கதான்.”

தடுப்புக்குப் பின்னால் நீராவி புஸ்ஸென்று சீறியது. முதலாளியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“மணி மூணு. இப்ப அடிக்கும் பாருங்க.”

அடிக்கவில்லை. உள்ளே இஸ்திரிப் பெட்டி நிற்காமல் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“அதிசயமா இருக்கே! மூணு அஞ்சு ஆயிடுச்சு.” ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். “பேச்சுல உங்க சட்டையை மறந்துட்டேன். என்ன பேர் போடட்டும் சார்?”

சட்டைப்பையில் இருந்த போனை மெல்ல அணைத்துவிட்டு, மாஸ்டர் சொன்னார்:

“யோனா.”