கட்டைவிரல் மேல் பழி

“பதினொரு நாள்ல இது அஞ்சாவது தடவை! பந்துல ஓட்டை போடணுமா, இல்ல என் உயிர்லயா?”

கடைக்காரர் பந்தை மேசைமேல் வைத்த வேகத்தில் திருகாணி டப்பா ஒரு குதி குதித்தது. பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் அரங்கத்தின் ஓரத்தில் பத்துக்குப் பத்து அறை. ஆட்டக்காரர்களின் விரல்களை அளந்து, பந்தில் மூன்று துளைகள் போட்டுக் கொடுப்பது முப்பத்தைந்து வருடமாக அவர் தொழில். சுவருக்கு அந்தப் பக்கம் பந்துகள் உருளுவதும் கட்டைகள் சரிவதும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

“கோவிச்சுக்காதீங்க அண்ணே. கட்டைவிரல் மாட்டிக்குது. பந்தை விடறப்ப ஒரு இழுப்பு இழுக்குது” என்றாள் சாம்பியன்.

அரங்கத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது பட்டங்கள். அத்தனையும் அவர் துளை போட்ட பந்துகளால் வென்றவை.

“முந்தாநாள் தொளதொளன்னு இருக்குன்னியே?”

“விரல் வத்திப் போயிருந்திருக்கும்.”

“இன்னைக்கு?”

“வீங்கியிருக்கும் போல.”

“விரலா அது, கடல் அலையா?”

அவள் சிரிக்கவில்லை. நாளை மறுநாள் போட்டி. முதல் எட்டுப் பேருக்குள் வராவிட்டால் தொழில்முறை ஆட்டக்காரர் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடுவார்கள். இருபத்தெட்டு வருட ஆட்டம் அதோடு சரி. மூன்று வருடமாக அவளுக்கு ஒரு பட்டமும் இல்லை. போன வருடம் பதினேழாவது இடம். வயதாகிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அவரும் அப்படித்தான் நினைத்தார். சொல்லத்தான் வாய் வரவில்லை.

அவர் இழுப்பறையிலிருந்து அவளுடைய அளவு அட்டையை எடுத்து, அதைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “இந்த பல்பை மாத்தணும். வெளிச்சமே இல்ல.”

“ஒரு கண்ணாடி போட்டுக்கலாமே அண்ணே?”

“கண்ணாடியா? எனக்கு விரல் நுனியே கண்ணு. வந்துட்டா, தன் விரலைச் சமாளிக்கத் தெரியாதவ!”

கட்டைவிரல் துளைக்குள் இருந்த பிளாஸ்டிக் உறையைப் பிடுங்கி எறிந்தார். புதிய உறை ஒன்றை இறுக்கிவிட்டு, எந்திரத்தை ஓட்டினார். சுருள் சுருளாகத் தூள் கொட்டியது.

அதற்குள் இளம் ஆட்டக்காரி ஒருத்தி வந்தாள். நேற்றே தயாராகிவிட்ட தன் பந்தை எடுத்து, விரல்களை நுழைத்தாள். “எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு மாமா!” என்றாள். ஒரு உருட்டு உருட்டிப் பார்க்காமல், அரங்கத்துக் கதவை விட்டுவிட்டுத் தெருக் கதவு வழியாக விறுவிறுவென்று போய்விட்டாள்.

“பாத்தியா? அவ ஒரு குறை சொன்னாளா? போன மாசம் பன்னெண்டு பேருக்குப் போட்டேன். ஒருத்தராவது திரும்பி வந்தாங்களா? நீ மட்டும்தான் என் பிராணனை வாங்கறே!” அவர் பந்தை நீட்டினார். “போட்டுப் பாரு.”

அவள் கட்டைவிரலை நுழைத்தாள். கையை முன்னும் பின்னும் மெல்ல வீசிப் பார்த்தாள். முகம் லேசாகச் சுளித்தது.

“இதுவும் சரியில்லையா?”

அவள் இன்னொரு முறை வீசிப் பார்த்தாள்.

அவருக்குப் பொறுமை அறுந்தது. “எல்லாரும் உன் முகத்துக்கு நேரா சொல்லத் தயங்கறாங்க. நானே சொல்லிடறேன். கோளாறு பந்துல இல்லம்மா. உன் கையில. வயசாயிடுச்சு. பேசாம மரியாதையா நிறுத்திடு.”

அவள் விரலை வெளியே இழுத்தாள். கணுவுக்குக் கீழே தோல் உரிந்து சிவந்திருந்தது. அதைப் புடவைத் தலைப்பில் ஒற்றிக்கொண்டு, அவரைப் பார்க்காமல் பந்தைப் பார்த்துச் சொன்னாள்:

“யாரும் திரும்பி வரமாட்டாங்கதான் அண்ணே. இங்க வாங்கின கையோட ரெண்டு தெரு தள்ளி இருக்கிற கடைக்குப் போய், நீங்க போட்ட ஓட்டையை அடைச்சு, வேற ஓட்டை போட்டுக்கறாங்க. உங்க மனசு நோகக் கூடாதுன்னு மூணு வருஷமா எல்லாரும் இப்படித்தான்.”

எந்திரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் தடவித் தடவி அதை நிறுத்தினார்.

“அப்போ... நீ?”

“நீங்க போட்ட ஓட்டையிலேயே ஆடறது நான் ஒருத்திதான்.”